தலைவர் ஒப்பம்: ஓர் அருங்கடித ஆராய்ச்சி

அரசியல் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. உலகம் அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட்டது. உண்மையில் அது ஓர் அரசியல் தத்துவம். அதன் முதற் சூத்திரம்: தலைவன் பெருமையும் தாளின் விலையும் தம்முள் பகை.

சான்று காட்டுவோம். ஜார்ஜியாவின் பட்டன் குவின்னெட் 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். மறு ஆண்டே, மெக்கின்டோஷ் என்ற படைத்தலைவரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போய்க் குண்டடிபட்டு இறந்தார். அமெரிக்கர்களிலேயே பலருக்கு அவர் யாரென்று தெரியாது. அவர் கையெழுத்துள்ள தாள் ஒன்று 2010-இல் நியூயார்க் ஏலத்தில் 7,22,500 டாலருக்குப் போயிற்று. என்னை காரணம்? பிரகடனத்தில் ஒப்பமிட்டோர் 56 பேர். சேகரிப்பவருக்கு அத்தனை பேரும் வேண்டும். ஜெஃபர்சன் போன்றோர் ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளித் தம் விலையைத் தாமே இறக்கிக்கொண்டார்கள். குவின்னெட் இல்லாமல் கொலு நிறையாது.

அதிபர்களுக்கும் இதே விதி. ஹாரிசன் 1841 மார்ச் 4-இல் பதவியேற்றார், ஏப்ரல் 4-இல் காலமானார். பதவியில் இருந்தபடி அவர் ஒப்பமிட்ட கடிதம் கிடைத்தால் யோகம்தான். நான்கு தேர்தல் வென்ற ரூஸ்வெல்ட் அந்த விலைக்குக் கிட்டவே வர முடியாது.

"அப்படியானால் ஒன்றும் செய்யாத தலைவர் எல்லாருக்கும் மதிப்பு உண்டோ?" எனின், இல்லை. பல்லாண்டு பதவியில் இருந்து ஒன்றும் செய்யாதவர்கள் கையெழுத்தை மட்டும் நிறையவே போட்டுத் தொலைத்திருப்பார்கள்.

அடுத்து, மெய்ம்மை. கென்னடியின் பெயரில் வந்த கடிதங்கள் பலவற்றில் ஒப்பமிட்டது ஆட்டோபென் என்னும் இயந்திரக் கை, சிலவற்றில் செயலாளர்கள். இயந்திர ஒப்பத்தில் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும். மனிதக் கை அப்படிப் போகாது. இரண்டு கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். ஒப்பங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்தினால் இரண்டும் போலி. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் காசோலை திரும்பும். இங்கே ஒத்துப்போனால் கடிதம் திரும்பும்.

கடைசியாக, உள்ளடக்கம். வாழ்த்துக்கும் நன்றிக்கும் சந்தையில் மரியாதை இல்லை. தலைவர் நிதானம் இழந்திருக்க வேண்டும். 1950 டிசம்பரில் அதிபர் ட்ரூமனின் மகள் மார்கரெட் கச்சேரி செய்தார். சுருதி சேரவில்லை என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் இசை விமர்சகர் பால் ஹியூம் எழுதினார். நேரில் கண்டால் உமக்குப் புது மூக்கு தேவைப்படும் என்ற கருத்துப்பட, அதிபர் கைப்படவே பதில் எழுதினார். சட்டப்படி கடிதத்தின் வாசகம் எழுதியவருக்குச் சொந்தம், தாள் பெற்றவருக்குச் சொந்தம். ஹியூம் தாளை விற்றுவிட்டார், மூக்குக்கும் சேதமில்லை.

ஆகவே இத்துறையில் இறங்க விரும்புவோர், தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக் காத்திருப்பதை விட்டுவிட்டு, அவர் வீட்டுப் பிள்ளைகளின் கச்சேரிகளுக்குத் தவறாமல் போய்வருவது நல்லது.