தூண் பதின்மூன்று, கேள்வி எட்டு

கே: பெர்செபோலிஸ் என்று சொன்னால் ஈரான்காரருக்குப் புரியுமா? (வாசகர், மேலூர்)

ப: புரியும். ஆனால் அவர் வாயில் வருவது ‘தக்தே ஜம்ஷீத்’, அதாவது ஜம்ஷீதின் சிம்மாசனம். ஜம்ஷீத் புராணத்து ராஜா. பெர்செபோலிஸ் கிரேக்கர்கள் வைத்த பெயர். கி.மு. 518 வாக்கில் இந்தப் பாரசீக அரண்மனை நகரைக் கட்ட ஆரம்பித்த மன்னர் டேரியஸின் பெயர் இரண்டிலும் இல்லை.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? (வாசகி, திருச்சி)

ப: தாராளமாக. ஷிராஸிலிருந்து சுமார் 60 கி.மீ., காரில் ஒரு மணி நேரம். நுழைவாயிலில் 111 படிகள். ஆனால் ஒவ்வொன்றும் நாலு அங்குல உயரம்தான். குதிரைகள் ஏறுவதற்காக என்று கைடுகள் சொல்வார்கள். பட்டு அங்கி போட்ட பிரபுக்கள் மூச்சு வாங்காமல் ஏறத்தான் என்பது என் கட்சி. கோடையில் மட்டும் வேண்டாம். கூரையை அலெக்ஸாண்டர் எரித்துவிட்டார். அபதானா மண்டபத்தில் இருந்த 72 தூண்களில் நிற்பவை 13. ஒரு தூணின் நிழல் ஓர் ஆளுக்குத்தான் காணும்.

கே: சிற்பங்களில் பெண்களே இல்லையாமே?

ப: அபதானா படிக்கட்டில் ஒருத்தி உண்டு. ஈலாம் நாட்டார் காணிக்கையாக இழுத்து வரும் பெண் சிங்கம். குட்டிகளை ஆட்கள் தூக்கி வர, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறது.

கே: நம் நாட்டார் யாராவது?

ப: அதே படிக்கட்டில் காணிக்கையோடு வரும் 23 குழுக்களில் சிந்து நதிக்கரையாரும் உண்டு. வேட்டி போன்ற இடுப்புத் துணி, திறந்த மார்பு, தோளில் காவடி மாதிரி இரண்டு கூடை. கூடையில் தங்கப்பொடி என்கிறார்கள். கூடவே ஒரு கழுதை. கழுதையை விட்டுவிட்டு மனிதன் தோளில் சுமை ஏற்றியது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கே: அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டியதுதானே? (வாசகர், கோவில்பட்டி)

ப: சினிமா அப்படித்தான் சொல்லும். கணக்குப்பிள்ளை வேறு சொல்கிறார். 1933இல் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, கோட்டைச் சுவருக்குள் ஆயிரக்கணக்கில் களிமண் ஏடுகள் கிடைத்தன. பெரும்பாலும் ஈலாமிய மொழி, கி.மு. 509 முதல் 493 வரையிலான படிக்கணக்கு. யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு ஒயின், எவ்வளவு பீர் என்று எல்லாம் பதிவு. சிற்பத்தில் காணாத பெண்கள் இங்கே இருக்கிறார்கள்: வேலையாட்களாக, ஆண்களைவிட அதிகப் படி வாங்கிய மேற்பார்வையாளர்களாக. பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதல் படி. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. (அங்கேயுமா!) எல்லோரும் விரும்பி வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன், பல தேசங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டவர்களும் உண்டு. ஆனால் சம்பளப் பட்டியல் இருந்தது. ராஜா கல்லில் செதுக்கியதைவிட குமாஸ்தா மண்ணில் கிறுக்கியதைத்தான் நான் நம்புவேன்.

கே: அலெக்ஸாண்டர் குடிபோதையில் கொளுத்தினாரா?

ப: தாயிஸ் என்ற பெண் விருந்தில் தூண்டிவிட்டதாக புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்ஸை எரித்ததற்குப் பழிவாங்கல் என்கிறார் வரலாற்றாசிரியர் ஆரியன். ‘இப்போது இது உங்கள் சொத்து, அதையே அழிப்பானேன்?’ என்று தளபதி பார்மெனியன் தடுத்தும் பார்த்தாராம். எனக்கு ஒரே சந்தேகம்: பத்தாயிரம் ஜோடி கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் சுமக்கும் அளவு பொக்கிஷத்தை வாரிக்கொண்டதாக அதே புளூட்டார்க் சொல்கிறார். வெறும் போதை அவ்வளவு ஒழுங்காக மூட்டை கட்டுமா?

கே: ஈரான் மன்னர் ஷா கொடுத்த விருந்து?

ப: 1971இல், பாரசீகப் பேரரசின் 2,500ஆம் ஆண்டு விழா. இடிபாடுகளுக்குப் பக்கத்தில் கூடார நகரம். சாப்பாடு பாரிஸின் மாக்ஸிம்ஸ் உணவகத்திலிருந்து. 1979இல் ஷா நாட்டை விட்டுப் போனார். அதே ஆண்டு இந்த இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கே: சுவரில் பெயர் எழுதுவது நம்மூர் வியாதி மட்டும்தானா? (வாசகி, நாகர்கோவில்)

ப: இல்லவே இல்லை. மன்னர் செர்க்ஸஸ் கட்டிய ‘எல்லா நாடுகளின் வாயி’லில் 1870 என்று ஆண்டு போட்டு, பத்திரிகையின் பெயரோடு தன் பெயரையும் வெட்டியிருக்கிறார் ஒரு நிருபர். மறு வருடம் ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்த ஸ்டான்லிதான் அவர். அவருக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்கார அதிகாரிகள் வரிசையாகக் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். நீங்கள் போகும்போது ஆணியை ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போகவும்.