மூணாறா, முகமூடியா?

கே: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உடற்பயிற்சி செய்தால் செல்களுக்கு வயதாகாதாமே! மூணாறு போகவா, பயிற்சி முகமூடி வாங்கவா?
- வாசகர், சுள்ளிக்கல், கொச்சி

ப: முகமூடி மூச்சுத் தசைகளுக்குத்தான் வேலை வைக்கும்; உள்ளே போவது அதே கொச்சிக் காற்று. சுமார் 1,500 மீட்டர் உயர மூணாற்றிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவதால் நுரையீரலுக்குக் கிடைப்பது குறையும். 3,500 மீட்டர் உயர லே நகரில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். உடனே செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் பெருகி, சிவப்பணுக்களைக் கூட்ட ஆள் அனுப்பும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு. ஓட்டக்காரர்கள் மலையேறிப் பயிற்சி செய்வது இந்தச் சிவப்பணுக்களுக்காகத்தான், இளமைக்காக அல்ல.

வயதோடு தேய்வது குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர். விண்வெளியில் ஏறக்குறைய ஓராண்டு இருந்த ஸ்காட் கெல்லிக்கு அது நீண்டது. பூமிக்குத் திரும்பியதும் மளமளவெனச் சுருங்கியது. (அங்கே ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.) விண்வெளியில் நீண்டதே நிலைக்கவில்லை; மூணாற்று வார விடுமுறையை நம்பி வயதைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்!

தினமும் மட்டாஞ்சேரி வரை வேகமாக நடங்கள். பிரியாணிக் கடை வரும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறை ஆக்சிஜன் பயிற்சியும் ஆச்சு, பர்ஸும் தப்பிச்சது.