சரிந்த கூரையும் மாமியாரின் கொண்டையும்

புனே பக்கத்தில் போசரியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை முதல் மாலை வரை மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுகிறவன். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சப்ளையரின் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்தக் காசில் கார் வாங்கப் போனபோது, பையில் இருந்த டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. முன்பக்கம் எஸ்யூவி, பின்பக்கம் ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் உச்சிக்குப் போகும் கூரை, அங்கிருந்து டிக்கிவரை சரிந்துகொண்டே இறங்கும். கறுப்பு நிறம், 17 இஞ்ச் அலாய் வீல். அட்வான்ஸ் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்தபோது முதல் தீர்ப்பு கிடைத்தது. கூரை சரிந்தால் பின்கதவின் மேல்விளிம்பும் கூடவே சரியும். முட்டிவலி உள்ளவர்கள் முதலில் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம்தான் காலை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இந்த வண்டியில் அது நடக்காது. தலை முதலில், தோள் பிறகு, கடைசியில்தான் கால். அவர் வழக்கப்படி இடுப்பை இறக்கினார். உடம்பு உள்ளே போய்விட்டது, கொண்டை வெளியிலேயே நின்றுவிட்டது. ஒருவழியாக நுழைந்த பிறகும் கூரைத் துணி கொண்டையை அழுத்தியதில் மல்லிகைப் பூ சீட்டெல்லாம் உதிர்ந்தது. "புது வண்டி... அழுக்காக்கிட்டேனா மாப்பிள்ளை?" என்று என்னிடமே வருத்தப்பட்டார்.

சனிவார்வாடா வழியாகப் போகும்போது, "அத்தை, இதுதான் பேஷ்வா அரண்மனை" என்றேன். "எங்க?" என்றார். ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப்போக ஏறிக்கொண்டே போகிறது. வெளியே நிற்பவர்களுக்கு வண்டி பாயத் தயாராக இருப்பதாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு வானமும் விளம்பரப் பலகையும்தான் தெரியும். என் மகளுக்கு அதுவும் தெரியாது. வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு வளைவுகளில் சீக்கிரம் குமட்டும் என்பதைக் காத்ரஜ் மலைப்பாதையில் கற்றேன். பாடம் சீட் கவரில் இன்னும் லேசாகத் தெரிகிறது.

"கூரை சரிவாக இருந்தால் காற்று தடையில்லாமல் வழுக்கிப்போகும், மைலேஜ் கிடைக்கும்" என்று மனைவிக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். சொன்னது பொய்யில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் போகிறவனுக்கு அது உதவும். கர்வே ரோட்டில் ஊர்கிறவனுக்குக் காற்று எதிரியே இல்லை. அங்கே எதிர்ப்பெல்லாம் ரிக்‌ஷாக்காரர்களிடமிருந்துதான்.

முன்கண்ணாடியையும் அதே அழகுக்காகப் படுக்கவைத்திருக்கிறார்கள். அதைத் தாங்கும் ஓரத் தூண், வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதால் தடிமனாக இருக்கும். கண்ணாடி படுத்துவிட்டதால் அந்தத் தூண் பார்வைக்குக் குறுக்கே நீண்டு வருகிறது. நள் ஸ்டாப்பில் வலதுபக்கம் திரும்பும்போது ஒரு முழு ஸ்கூட்டர் அதன் பின்னால் மறைந்துவிட்டது. முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றிய பெண் சடக்கென்று பிரேக் போட்டு, "காகா, டோளே ஆஹேத் கா?" என்று கேட்டாள். கண் இருக்கிறதா என்கிறாள். கண் இருக்கிறதம்மா, தூணும் இருக்கிறது என்று மராத்தியில் சொல்ல வரவில்லை. 'காகா' என்றது வேறு வலித்தது.

பின்கண்ணாடி ஒரு கீற்றுதான். எங்கள் தெருவில் பி1, பி2 பார்க்கிங். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒரு பக்கம், இரட்டைப்படைக்கு மறுபக்கம். அதனால் தினமும் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். கேமராவை நம்பினால் மழைக்காலத்தில் அதன்மேல் சேறு அப்பிக்கொள்ளும். மனைவி இறங்கி நின்று கையாட்டுகிறாள். அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

சக்கரக் கதை என் தொழிலுக்கே அவமானம். என் டயர் 215/55. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 118 மில்லிமீட்டர். கீழ் மாடலில் 16 இஞ்ச் வீலும் 60 சதவீதச் சுவரும். சுமார் 129. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பர் சுவர்தான். பதினொரு மில்லிமீட்டர் காற்றை விற்று அலுமினியம் வாங்கியிருக்கிறேன், அதுவும் கூடுதல் பணம் கொடுத்து. ஜூலை மாதத்து புனே ரோட்டில் அந்தக் கணக்கை என் முதுகெலும்பு சரிபார்க்கிறது.

இத்தனைக்கும் இந்த ஊரில் இருப்பவனுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவேண்டியதில்லை. டாடாவின் புனே ஆலையிலிருந்து 1991இல் சியரா வந்தது. பின்ஜன்னல் கண்ணாடி வளைந்து கூரைவரை ஏறும். இன்றைக்கும் ஒன்று போனால் கழுத்து தானாகத் திரும்பும். ஆனால் பக்கத்துக்கு ஒரே கதவு. பின்னால் உட்கார முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். அந்த அழகான கண்ணாடி திறக்கவும் திறக்காது. 1998இல் அதே டாடா இண்டிகாவைக் கொண்டுவந்தது. சின்ன ஜென் அளவு வண்டிக்குள் பெரிய அம்பாசடர் அளவு இடம் என்பது ரத்தன் டாடா வைத்த இலக்கு. இடம் தந்த குற்றத்துக்காக இண்டிகா டாக்ஸி ஆனது. டாக்ஸி என்ற பெயர் ஒட்டியதும் என்னைப் போன்றவர்கள் மூக்கைச் சுளித்தோம். 2025இல் சியரா திரும்ப வந்தபோது பின்சீட்டுக்கும் தனிக்கதவு வைத்துத்தான் வந்தது.

மனைவி முதலில் கைகாட்டிய உயரமான வண்டியை, "கால் டாக்ஸி மாதிரி இருக்கு" என்று நானும் அப்படித்தான் தள்ளினேன். டாக்ஸி ஓட்டுகிறவர் நாள் முழுக்க முன்பின் தெரியாத மனிதர்களையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்குகிறவர், அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

மாமியார் ஊருக்குக் கிளம்பிய அன்று, "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம் மாப்பிள்ளை, ஸ்டேஷனுக்கு ஒரு டாக்ஸி சொல்லிடுங்க" என்றார். வந்து நின்றது நான் தள்ளிய அதே மாடல். அதன் சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. குனியாமல் உட்கார்ந்தார், பூ உதிரவில்லை. பிறகு மெதுவாக, "இது என்ன வண்டி மாப்பிள்ளை?" என்றார். பெயர் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். கார் வாங்கப் போகிறானாம், யோசனை வேண்டுமாம். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இறக்கிப் பார், ஓட்டும் சீட்டிலிருந்து திரும்பிப் பார், டிக்கியில் நிஜப் பெட்டியைத் தூக்கி வை, டயர் எண்ணைப் படி என்று மூச்சு விடாமல் சொன்னேன். இரண்டு போட்டோ அனுப்பி, "எது மாமா?" என்றான். "ரெண்டாவதுடா. அந்தக் கூரை சரிவு இருக்கே..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஸ்பீக்கரில் அக்கா குறுக்கிட்டாள். "தம்பி, நீங்க மாமாவும் மருமகனும் போட்டோ பாத்துட்டே இருங்க. நான் ஷோரூம் போய் ஏறி உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்."