ஒரு லைன், இரண்டு கணினி

கே: எங்களிடம் ஒரே டெலிபோன் லைன், ஒரே மோடம். என்னுடையது விண்டோஸ் 98, தம்பியுடையது லினக்ஸ். இருவரும் ஒரே நேரத்தில் இணையம் பார்க்கலாமா?
(வாசகர், ஹட்டன்)

ப: தாராளமாக. ஆனால் உங்களுடையது 1999இல் வந்த இரண்டாம் பதிப்பாக இருக்க வேண்டும்; இணைப்பைப் பகிரும் வசதி அதில்தான் வந்தது. அதை இயக்கினால் உங்கள் கணினியின் ஐபி முகவரி 192.168.0.1 ஆகிவிடும். நடுவே நெட்வொர்க் கேபிள் போட்டு, லினக்ஸ் தன் முகவரியைத் தானே வாங்கிக்கொள்ளும்படி (டிஎச்சிபி) அமைத்தால் போதும். மோடத்தைத் தன் பக்கம் மாட்டத் தம்பி அடம்பிடித்தால், உள்ளே செருகும் வின்மோடம் பெரும்பாலும் லினக்ஸுக்கு மசியாது என்று சொல்லுங்கள். 56 கே-யில் பங்கு போட்டால் ஆமை வேகம்தான். ஆனாலும் பகிர்வது புதிதல்ல: இலங்கையின் கொத்மலை சமூக வானொலியில் நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்களே இணையத்தில் தேடி ஒலிபரப்பினார்கள். ஊருக்கே ஒரு இணைப்பு! நீங்கள் இரண்டே பேர், சமாளியுங்கள். அம்மா மட்டும் ரிசீவரைத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.