கேள்வி-பதில்: தேவாங்கு ஸ்பெஷல்

கே: ஒல்லியாக இருக்கிறேன் என்று என் மாமா என்னைத் ‘தேவாங்கு’ என்கிறாரே? – கல்லூரி மாணவர், வேடசந்தூர்

ப: காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்! தேவாங்கு கால் கிலோ தேறுவதே பெரிசு. அந்த உயிருக்காக அரசாங்கம் 11,806 ஹெக்டேர் காட்டை ஒதுக்கியிருக்கிறது. மாமா பேரில் எத்தனை சென்ட் இருக்கிறது?

கே: அந்தக் காடு எங்கே? – ஓசூர் வாசகர்

ப: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில். கடவூர் தேவாங்கு சரணாலயம், 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். தேவாங்குக்கென்றே அமைந்ததில் இந்தியாவிலேயே இதுதான் முதல். புலிக்கும் யானைக்கும் காடு விடுவது வழக்கம். பூச்சி தின்னும் பிராணிக்கு விட்டோமே, அது கெத்து.

கே: தேவாங்கு குரங்கா, பூனையா? – ஆறாம் வகுப்பு மாணவி, நத்தம்

ப: இரண்டும் இல்லை கண்ணு. நாமும் குரங்கும் இருக்கிற அதே பிரைமேட் வரிசைதான். ஆனால் மடகாஸ்கர் லெமூருக்குத்தான் நெருங்கிய பங்காளி. தெலுங்கில் ‘தேவாங்க பில்லி’ என்று பூனையாக்கிவிட்டார்கள். கன்னடத்தில் ‘காடு பாப’, அதாவது காட்டுக் குழந்தை. என் ஓட்டு கன்னடத்துக்கு.

கே: கண் ஏன் அவ்வளவு பெரிது? – சேலம் வாசகர்

ப: ஆயுள் முழுக்க நைட் டியூட்டி! விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம், கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பயன்படுத்த வைக்கும். ஆராய்ச்சியாளர்கள் சிவப்பு விளக்கோடுதான் தேடப் போகிறார்கள். வெள்ளை டார்ச்சை முகத்தில் அடித்து ரீல்ஸ் எடுக்கும் தம்பிகளே, அணையுங்கள்.

கே: சாப்பாடு? – மணப்பாறை விவசாயி

ப: எறும்பு, கரையான், வண்டு. நாற்றம் பிடித்த பூச்சியையும் விடாது. உங்கள் கொல்லைக்குச் சம்பளம் கேட்காத ஆள்!

கே: இத்தனை மெதுவாக நகர்கிறதே, சோம்பேறியா? – கோவை வாசகி

ப: சோம்பல் இல்லை அம்மணி, தந்திரம். அசைவது தெரியாமல் நெருங்கி, படக்கென்று கையை நீட்டி இரையை அமுக்கும். ஆனால் தாவத் தெரியாது. ஆப்பிரிக்காவில் புஷ்பேபி என்றொரு பிராணி கிளைக்குக் கிளை பாயும். தேவாங்கு ஒரு பிடியை இறுக்கிய பிறகே அடுத்த பிடி.

அதனால் கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு மரத்தை நீங்கள் வெட்டினால் அது தரையில் இறங்கும். தரையில் தார்ரோடு, தார்ரோட்டில் லாரி. கோடாலி எடுக்குமுன் அண்ணாந்து பாருங்கள்.

கே: குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போகுமாமே, என்ன தாய்? – தஞ்சை வாசகர்

ப: வேலைக்குப் போகிற தாய்! ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ பெறும். சில வாரம் குட்டி வயிற்றைப் பற்றிக்கொண்டே வரும். அப்புறம் ராத்திரியில் கிளையில் ‘பார்க்கிங்’. தேவாங்குக்குத் தன் குட்டி மாணிக்கம் என்று சிங்களத்தில் பழமொழியே உண்டு. நம்மூர்க் காக்கையின் பொன்குஞ்சு அங்கே மரமேறிவிட்டது.

கே: இலங்கையிலும் உண்டா? – சென்னை வாசகர்

ப: செந்நிறத் தேவாங்கு அங்கே மட்டும்தான். அதில் ஹோர்ட்டன் சமவெளி வகையை 2009-இல்தான் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். போஸ் கொடுக்க அவசரப்படாத ஜென்மம்.

கே: தேவாங்கை வைத்துச் செய்யும் மாந்திரீகம் பலிக்குமா? – பெயர் வேண்டாம், மதுரை

ப: பலி நடக்கும்; பலிக்காது. கண் நோய்க்கு மருந்து என்று அதன் கண்ணைப் பிடுங்கிய கொடுமையும் நடந்திருக்கிறது. பார்வை மங்கினால் கண் டாக்டரிடம் போங்கள் ஐயா, காட்டுக்குப் போகாதீர்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் தேவாங்கும் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வைத்தவருக்கே திரும்புகிற சூனியம் இது ஒன்றுதான்!

கே: ராத்திரி ரோட்டில் தேவாங்கைக் கண்டால்? – லாரி டிரைவர், ஒட்டன்சத்திரம்

ப: உங்களிடம்தான் பேச வேண்டும் என்றிருந்தேன், அண்ணே. ஓரம் கட்டுங்கள், ஹெட்லைட்டைத் தணியுங்கள், அது மரமேறும்வரை பொறுங்கள். அடிபட்டுக் கிடந்தால் கைவைக்காமல் வனத்துறைக்குப் போன் போடுங்கள்.