ஏழடிக்கு மேல் எழும்பிய குற்றம்

கட்டட அனுமதி வழங்கும் மாட்சிமை பொருந்திய அலுவலகத்துக்கு, புதுக்கோட்டை மாவட்டத்தில் பாட்டன் வீட்டைப் பங்கு போட்டதில் ஒரு பாகம் கிடைத்தவன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொண்டது.

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. 'அனுமதியற்ற கூடுதல் கட்டுமானம்.' கொண்டுவந்தவர் உள்ளே ஆள் இருந்தும் கூப்பிடாமல், பசையைத் தாராளமாகத் தடவி, கதவில் ஒட்டிவிட்டுப் போனார். தெருவே நின்று படித்தது. பால்காரர் மட்டும் என்னிடமே விளக்கம் கேட்டார்.

குற்றத்தை மறுக்கவில்லை. ஆறு பாகம், ஒரே ஓட்டுக்கூரை. தடுப்புச் சுவர்கள் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஆறு குடும்பத்துக்கும் ஒரே பரண், ஒரே முகடு. போன மாதம் கடைசிப் பாகத்தில் வயர் உருகித் தீப்பிடித்தது. அணைந்த மறுநாளே என் பக்கத்துச் சுவரின் தலையிலிருந்து ஓட்டின் அடிவரை செங்கல் வைத்துப் பூசிவிட்டேன். கைமரத்தைச் சுற்றி இருந்த இடுக்கையும் விடவில்லை.

தங்கள் நம்பிக்கை எனக்குப் புரிகிறது. தீயார் மரியாதை தெரிந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டித்தான் வருவார். சுவர் ஏழடியில் நின்றால் அவரும் ஏழடியில் நின்றுகொள்வார். எங்கள் வீட்டுக்கு வந்த தீயாருக்கு ஏனோ அந்த வளர்ப்பு இல்லை. சூடான புகை ஓட்டுக்கடியில் முட்டி, மேலே வழியில்லாமல் முகட்டோடு பக்கவாட்டில் ஓடியது. நடுப்பாகத்தில் அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை, குடத்துத் தண்ணீர் சில்லென்று இருந்தது. அதற்கு நேர் மேலே பரணில் கிடந்த பாயும் ரீப்பரும் எரிந்துகொண்டிருந்தன.

18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறீர்கள். எங்கள் முகடு பதினைந்தடி. தீயார் லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு வரமாட்டார் போலிருக்கிறது.

1666-இல் எரிந்த லண்டனில், 1707-லேயே பொதுச்சுவரைக் கூரைக்கு மேலும் ஒன்றரை அடி உயர்த்தச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். அதே வெள்ளைக்காரர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பக்கத்து ஜனங்களைக் கொண்டுபோய், லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரே தகரக் கூரைக்கடியில் அடைத்தார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு காம்பரா அறையில் தீப்பிடித்தால் வரிசையே சாம்பலாகிறது. லண்டன் தீயார் வேறு சாதி என்று நினைத்திருப்பார்கள்.

கும்பகோணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2004 ஜூலை 16. பள்ளிக்கூடச் சமையலறை நெருப்பு கூரைக் கீற்றுக்குத் தாவியது. 94 குழந்தைகள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் ஆறு பாகத்தில் எத்தனை பேர் செத்தால் ஒரு வரிச் செங்கலுக்கு அனுமதி கிடைக்கும்? எண்ணிக்கையைச் சொல்லித் தொலையுங்கள்!

மன்னிக்கவும். என் சுவரைப் போலவே குரலும் அனுமதியின்றி உயர்ந்துவிட்டது. தங்கள் கருணையில் எனக்கு ஐயமில்லை. தீயாருக்கும் ஒரு நோட்டீஸ் சார்வு செய்தால் போதும், அவர் வரம்புக்குள் இருந்துகொள்வார். கதவு இல்லாத ஆள். முகட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

சுவரை இடிக்க ஆள் அனுப்புவதானால் பகலில் அனுப்புங்கள். பக்கத்துப் பாகத்துப் பிள்ளைகள் ராத்திரியில் அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் படுக்கிறார்கள். கண்ணில் தூசி விழும்.

இப்படிக்கு,
தங்கள் காலடித் தூசி,
ஏழடிக்கு மேல் எழும்பியவன்