வேகம் எங்கே கம்பி நீட்டியது?

கே: என் லேப்டாப்பின் லேன் வேகம், வைஃபை வேகம் இரண்டையும் எங்கே பார்ப்பது?
– கோவில்பட்டி வாசகர்

ப: விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்'. கேபிள் செருகியிருந்தால் ஈதர்நெட், இல்லையென்றால் வைஃபை. அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து கீழே இறங்குங்கள். 'லிங்க் ஸ்பீடு' என்று இரண்டு எண்கள் இருக்கும்: வாங்குவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று. மேக்காரர்கள் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை சின்னத்தைத் தொட்டால் 'டிஎக்ஸ் ரேட்' என்று வரும். டாஸ்க் மேனேஜரில் நெளியும் கோட்டைப் பார்த்துவிட்டு 'ஐயோ, 40 கேபிபிஎஸ்தானா!' என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். சாலையில் இப்போது எத்தனை வண்டி ஓடுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சாலையின் அகலம் லிங்க் ஸ்பீடில் இருக்கிறது.

கே: லிங்க் ஸ்பீடு 866 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஸ்பீடு டெஸ்ட்டில் 95தான் வருகிறது. மீதி 771 யார் பாக்கெட்டில்?
– தாம்பரம் வாசகர்

ப: முதலில், நீங்கள் மாதாமாதம் கட்டும் பிளான் எவ்வளவு? 100 என்றால் யாரும் எதையும் திருடவில்லை. 866 என்பது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கணக்கு, அதாவது ஹாலிலிருந்து அடுக்களை வரை. வீட்டுக்குள் நாலு அங்குலக் குழாய் போட்டிருந்தாலும், தெருக்குழாயில் வருவது அரை அங்குலம் என்றால் வாளி அந்த வேகத்தில்தான் நிறையும். ஹால் கணக்கை மட்டும் தனியாகச் சோதிக்க ஆசையா? ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை வீட்டிலுள்ள இரண்டு கணினிகளில் ஓட்டுங்கள். இணையக் கம்பெனி அந்தப் பேச்சில் தலையிடவே முடியாது.

கே: பிளான் 300 எம்பிபிஎஸ். வைஃபையில் 250 வருகிறது. கேபிள் செருகினால் 94. கம்பிதான் வேகம் என்று படித்தவர்கள் எல்லாம் சொன்னார்களே?
– ஈரோடு வாசகி

ப: 94! அந்த எண்ணைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிட்டது. ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து பாருங்கள், லிங்க் ஸ்பீடு 100 என்றிருக்கும். முகவரி எழுதவும் உறை ஒட்டவும் ஐந்தாறு போக, கைக்கு வருவது 94.

லேன் கேபிளுக்குள் எட்டு இழைகள், நாலு ஜோடிகள். 1995-இல் வந்த 100 எம்பிபிஎஸ் முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-இல் செம்புக் கம்பிக்கு வந்த ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கேபிளைச் செருகியதும் இரு பக்கமும் 'உனக்கு எவ்வளவு முடியும், எனக்கு எவ்வளவு முடியும்' என்று பேசிக்கொள்வது முதல் இரண்டு ஜோடியில்தான். அங்கே ஆயிரத்துக்குத் தாம்பூலம் மாற்றியாகிவிடும். அப்புறம்தான் மற்ற ஜோடிகளில் ஒன்று ஊமை என்று தெரியவரும். பல சிப்புகள் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிக் குடும்பம் நடத்தும். சில, இணையவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். விண்டோஸ் இதில் வாயே திறக்காது.

ஆகவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மேலுறையில் 'கேட் 5இ' என்று அச்சடித்திருந்தால் 100 மீட்டர் வரை ஜிகாபிட் போகும். அதிலும் சரியாகவில்லையா? நடுவில் பழைய சுவிட்ச் உட்கார்ந்திருக்கலாம். லேப்டாப்பின் போர்ட்டே நூறுக்கு மேல் தெரியாததாக இருக்கலாம். விலை குறைந்த மாடல்களில் அப்படி உண்டு. எங்கள் வீட்டில் ஆறு மாதம் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிய பிறகு, பீரோவின் கால் கேபிள் மேல் நிற்பதைக் கண்டுபிடித்தோம். மன்னிப்புக் கேட்க போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை.

கே: 100 எம்பிபிஎஸ் என்கிறார்கள். படம் இறங்கும்போது நொடிக்கு 12 தானே காட்டுகிறது?
– கும்பகோணம் வாசகர்

ப: பவுனுக்கும் கிராமுக்கும் உள்ள வித்தியாசம். எட்டு கிராம் ஒரு பவுன், எட்டு பிட் ஒரு பைட். கம்பெனி கிராமில் விற்கிறது, உங்கள் கணினி பவுனில் எடை போடுகிறது.

கே: ரவுட்டர் பெட்டியில் 'ஏஎக்ஸ்3000' என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பில் 1201க்கு மேல் ஏறவில்லை.
– நாகர்கோவில் வாசகர்

ப: மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டால், அண்ணன் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்லும் தரகர்களைப் பார்த்ததில்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, கூட்டினால் 2976. முழு நூறாக்கினால் 3000. உங்கள் லேப்டாப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும். 2402 வேண்டுமென்றால் இரு பக்கமும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸில், இரண்டு ஆன்டெனாவுக்கு, 1201 என்பது முழு மதிப்பெண். பையனைத் திட்டாதீர்கள்.

கே: வைஃபை எண் மட்டும் ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது?
– கரூர் வாசகி

ப: சிக்னல் தெளிவாக இருந்தால் வேகமாகப் பேசும், சுவர் குறுக்கிட்டால் நிறுத்தி நிதானமாகப் பேசும். போதாததற்கு, ஒரே காற்றில் எல்லோரும் முறை வைத்துப் பேச வேண்டும். அதனால் காட்டும் எண்ணில் பாதி, அதற்குக் கொஞ்சம் மேல் கைக்கு வந்தாலே நல்ல நாள். 72 அல்லது 144 என்று ஒட்டிக்கொண்டு நின்றால் அநேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறீர்கள். 5-க்கு மாறுங்கள்.

கே: லேப்டாப்பில் லேன் போர்ட்டே இல்லை. ஜிகாபிட் என்று எழுதிய யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். லிங்க் ஸ்பீடும் 1000 காட்டுகிறது. ஆனால் 300-ஐத் தாண்ட மறுக்கிறது!
– ஓசூர் வாசகர்

ப: அந்த ஆயிரம் அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே. அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் சந்து யூஎஸ்பி 2.0 ஆக இருந்தால் காகிதத்திலேயே 480தான். அடாப்டர், செருகும் துளை இரண்டும் யூஎஸ்பி 3 தானா என்று பாருங்கள்.

கே: ஈதர்நெட் என்ற பெயருக்கு என்ன பொருள்?
– காரைக்குடி வாசகர்

ப: ஒளி 'ஈதர்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஊடகத்தில் மிதந்து வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் அந்தப் பெயரை எடுத்துத் தன் கேபிளுக்குச் சூட்டினார். காற்றின் பெயரைக் கம்பி வைத்துக்கொண்டது. அதிலும் அவருக்கு யோசனை கொடுத்தது, ஹவாயில் ரேடியோ அலையில் கணினிகளைப் பேச வைத்த அலோஹாநெட்.

கே: ரவுட்டரைப் பூஜை அறையில் வைக்கலாமா?
– மன்னார்குடி வாசகி

ப: தாராளமாக. கதவு மட்டும் திறந்திருக்கட்டும். சாமிக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை, 5 கிகாஹெர்ட்ஸுக்கு உண்டு.